"இப்பத்தானே குடுத்த?" ஓயாமப் பால் குடிக்கிற பிள்ளை, மறக்க முடியாத ஒரு ராத்திரி

மதுரைப் பொண்ணு:

பிள்ளைக்கு அன்னைக்குப் பத்தொம்பதாவது நாள். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மடியில போட்டவ, ராத்திரி பத்து வரைக்கும் இறக்க முடியல. குடிக்கும், பத்து நிமிஷம் கண்ண மூடும், தொட்டில்ல போடக் குனிஞ்சா முழிச்சிரும், திரும்ப வாயத் திறந்து தேடும். உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான்.

எங்க அத்தை கெட்டவங்க இல்ல. பூண்ட நல்லெண்ணெயில வதக்கி, பால்சுறா புட்டு செஞ்சு, பாத்துப் பாத்துப் பத்தியம் போட்டவங்க. அன்னைக்கு ஒம்பதரை மணிக்கு நடையில நின்னு இவர்கிட்ட மெதுவாத்தான் சொன்னாங்க. "அவளுக்குப் பால் ஊறல போலப்பா, பிள்ள பசியில கெடந்து தவிக்குது." இவர் ஒரு வார்த்த பேசல. செருப்ப மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார்.

டப்பா வந்துச்சு. அடுப்படியில அத்தை டம்ளர்ல பவுடரப் போட்டுக் கலக்குறாங்க. எவர்சில்வர் டம்ளர்ல கரண்டி இடிக்கிற அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. அப்பவும் எனக்குப் பால் கசிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு, ரவிக்கை ரெண்டு பக்கமும் நனைஞ்சிருந்துச்சு. அதக் காட்டி "இதோ இருக்கே"ன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஏன் வரலைன்னு ஏழு மாசமா யோசிக்கிறேன்.

குடிச்சிட்டு நாலு மணி நேரம் தூங்கிட்டா. "பாத்தியா, வயிறு நிறைஞ்சா எப்படித் தூங்குது." விடியக்காலம் எனக்குப் பால் கட்டிக் கல்லாயிருச்சு. பத்து நாள் ராத்திரிப் பவுடர் ஓடுச்சு, அப்புறம் நிறுத்திட்டேன். நாப்பத்தஞ்சாம் நாள் ஊசிக்குப் போனப்போ எடை நல்லா ஏறியிருந்துச்சு. அந்த டப்பா மேலயே தாய்ப்பால்தான் உன் குழந்தைக்குச் சிறந்ததுன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கும், 1992-ல வந்த பால் பவுடர் சட்டப்படி போட்டே ஆகணும். மறுநாள் அத வாசிச்சிட்டுத்தான் அழுதேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு ராத்திரி இருந்தா எழுதுங்க.

காவேரிக்கரை:

எனக்கு ராத்திரி இல்ல, பகல். பையனுக்கு ரெண்டரை மாசம், ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா கேப்பான். திருச்சியிலேருந்து அம்மா வீட்டுக்கு பஸ், நடுவுல மாறணும். எந்த ஊர்னு வேணாம். இறங்கும்போதே வீறிட்டு அழ ஆரம்பிச்சுட்டான்.

2015-லேருந்து பஸ் ஸ்டாண்டுல தாய்மார்கள் பாலூட்டும் அறை இருக்கே, அதத் தேடிப் போனேன். இருந்துச்சு, பூட்டியிருந்துச்சு. சாவி யார்கிட்டன்னு கேட்டா ஒருத்தர் நேரக் காப்பாளர் ரூமக் காட்டுறார், அங்க போனா அவர் சாப்பிடப் போயிருக்கார். எனக்குப் பால் சுரந்து சேலையெல்லாம் ஈரம், கையில பை, தோள்ல பிள்ளை, மத்தியானம் ஒரு மணி வெயில்.

பூட்டுன கதவுக்குப் பக்கத்துல ஒரு பூக்காரம்மா. அவங்க என்கிட்ட ஒண்ணுமே கேக்கல. கூடைய நகத்தி, தன்னோட சாக்க இழுத்துப் போட்டு, "இங்ஙன உக்காரு"ன்னாங்க. நான் சுவரப் பாத்து உக்காந்ததும் எழுந்து எனக்குப் பின்னால நின்னு முந்தானைய ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிச்சுக்கிட்டாங்க. இருபது நிமிஷம் இருக்கும். ரெண்டு பேர் பூக் கேட்டு வந்தாங்க, "சித்த இருங்க, பிள்ள பசியாறுது"ன்னு நிக்க வச்சாங்க. நான் ஒரு முழம் பூ கூட வாங்காம பஸ்ஸுக்கு ஓடிட்டேன். திரும்பி வர்ற வழியில பாத்தேன், அவங்க இல்ல. அதுதான் உறுத்துது.

மதுரைப் பொண்ணு, உங்களுக்குப் பால் இருந்துச்சு. சாயங்காலத்துல இப்படி விடாமக் குடிக்கிறது வழக்கம்தான். குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். டப்பாவ யாரும் தொட வேண்டாம், விடாமக் குடுத்துக்கிட்டே இருங்கன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்வேன்.

கொங்குக்காரி:

மேல சொன்ன "எல்லார்கிட்டயும் சொல்வேன்"ங்கிறது எனக்கு ஒத்துக்க முடியலைங்க. கோபத்துல எழுதல, ஆனா எழுதாம இருக்க முடியல.

எங்க பாப்பாவும் ஓயாமத்தான் குடிச்சா. இருபத்திநாலு மணி நேரமும் நெஞ்சுலயேதான். எல்லாரும் "அப்படித்தான் இருக்கும், விடாமக் குடு"ன்னாங்க. நானும் குடுத்தேன். காம்பு வெடிச்சு ரத்தம் வந்தும் பல்லக் கடிச்சுட்டுக் குடுத்தேன். பதினோராவது நாள் துணிய மாத்துறப்ப பாத்தா ஈரமே சரியா இல்ல, செங்கல் பொடியத் தேச்ச மாதிரி ஆரஞ்சு நிறத்துல ஒரு கறை. ரத்தம்னு நெனச்சுட்டேன். அந்தத் துணிய விரிச்சுப் பிடிச்சுட்டு வாசல் வெளிச்சத்துல நின்னனே, அந்த நிமிஷம்தான் என்னை விட மாட்டேங்குது.

அன்னைக்கே கூட்டிட்டுப் போனோம். பொறந்தப்ப 2,900 கிராம். தராசுல 2,510. பத்து சதவீதத்துக்கு மேல எறங்கியிருக்குன்னு சொல்லி டாக்டரம்மா பாப்பா வாய்க்குள்ள விரல விட்டுப் பாத்தாங்க. நாக்குக்கு அடியில இருக்கிற ஜவ்வு நுனி வரைக்கும் ஒட்டியிருந்துச்சுங்க. நாக்கு வெளியவே நீளாது. சப்புறாளே தவிர இழுக்கத் தெரியல. அதனாலதான் குடிச்சுக்கிட்டே இருந்திருக்கா, வயிறு மட்டும் நெறையல. நானோ, கொள்ளப் பால் குடிக்கிறாள்னு பெருமையாச் சொல்லிட்டு இருந்தேன்.

அந்த ஜவ்வ வெட்டி விட்டாங்க. பீச்சின பாலும், பத்தாததுக்குப் பவுடர் பாலும், பாலாடையில, அதான் சங்கு மாதிரி மூக்கு வச்ச சின்னக் கிண்ணத்துல, ஊத்தினோம். பன்னெண்டு நாள் கழிச்சுத்தான் முழுசா நெஞ்சுக்கு வந்தா. அந்தப் பவுடர் என் பொண்ண நிக்க வச்சது. அந்த டப்பாவப் பாத்து நான் அழலைங்க.

காவேரிக்கரை:

நான் உங்களச் சொல்லலைங்க. பூட்டுன கதவு முன்னால நின்ன வேகத்துல எழுதிட்டேன். ஆனா பத்துல ஒம்பது வீட்டுல, பால் இருக்கும்போதே இல்லைன்னு சொல்லிடுறாங்களே, அது பொய்யா?

துணைசுகாதாரம்30:

முப்பது வருசம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். என் அனுபவம் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். நான் வேலைக்குச் சேந்த புதுசு, ஒரு வீட்டுல மூணு நாள் பிள்ளை. சீம்பாலைப் பீச்சி மண்ணுல விட்டுட்டு சீனித் தண்ணிய வெள்ளத் துணியில நனச்சு வாயில வச்சிருந்தாவ. ஆச்சிகிட்ட எடுத்துச் சொன்னேன், அவங்க "மஞ்சப் பாலு செரிக்காது"ன்னு நின்னாவ. அந்தத் தாய்க்கு வயசு பத்தொம்பது இருக்கும், என்னையே பாத்துக்கிட்டிருந்தா. நான் நேரமாச்சுன்னு அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கணும்.

இனி இங்க பேசுறவங்களுக்கு. ரெண்டு பேர் சொல்றதும் உண்மை. எத்தனை தடவை குடிக்குதுங்கிறத வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. 24 மணி நேரத்துல 8 முதல் 12 தடவை பச்சப் பிள்ளைக்குச் சாதாரணம், சில நாள் அதுக்கு மேலயும் போகும். முதல் நாள் ஒரு தடவைக்குக் கிடைக்கிற சீம்பால் ஒரு தேக்கரண்டி அளவுதான், அதுவே அந்த வயித்துக்குப் போதும். தாய்ப்பால் சீக்கிரம் செரிச்சிரும். பவுடர் பால் செரிக்க நேரம் எடுக்கும், அதான் அந்த நாலு மணி நேரத் தூக்கம். அதப் பாத்து உனக்குப் பால் இல்லைன்னு சொல்றது தப்பு. ரெண்டு மூணு வாரத்துலயும், ஆறு வாரத்துலயும், மூணு மாசத்துலயும் திடீர்னு கூடக் கேக்கும், ரெண்டு மூணு நாள்ல தணியும். காலியாகக் காலியாகத்தான் சுரக்கும், தேங்குனா சுரப்பு குறையும். ராத்திரியில சுரக்க வைக்கிற ஹார்மோன் கூடுதல், அதனால ராத்திரிப் பால விடாதீங்க.

பாக்க வேண்டியது துணியத்தான். அஞ்சாறு நாளுக்கு மேல ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது நல்லா ஒண்ணுக்குப் போகணும், நிறம் வெளிறி இருக்கணும். நாப்கின் மாட்டிவிட்டா எண்ணிக்கை தெரியாது, பகல்ல துணி கட்டுங்க. அடுத்தது எடை. ரெண்டு வாரத்துக்குள்ள பொறந்த எடை திரும்பணும், அதுக்குப் பிறகு ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏறணும். ஒரே தராசுல பாருங்க, ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வித்தியாசம் வரும். குடிக்கும்போது காதை வச்சுக் கேளுங்க, விழுங்குற சத்தம் வரணும். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளிப்பக்கம் மடிஞ்சு, தாடை மார்புல பட்டு, காம்பு மட்டும் இல்லாம அதச் சுத்தின கறுப்புப் பகுதியும் வாய்க்குள்ள போகணும். காம்பு புண்ணாகுதுன்னா தாய்க்குப் பொறுமை இல்லைன்னு அர்த்தமில்ல, பிள்ளை பிடிக்கிற விதம் சரியில்ல. நர்ஸக் கூப்பிட்டுக் காட்டுங்க. சுண்டு விரல வாயோரத்துல விட்டு எடுத்துட்டுத் திரும்பப் பிடிக்க வையுங்க, இழுத்துப் பிடுங்காதீங்க.

ஆறு மாசம் வரைக்கும் தண்ணி, தேன், சீனித் தண்ணி, உரைமருந்து எதுவும் வேண்டாம். இதச் சொல்லிச் சொல்லி வாய் ஓஞ்சு போச்சு. தாய்க்குத் தாகத்துக்குத் தண்ணி குடுங்க, பத்தியம்னு சொல்லிச் சோத்தக் குறைக்காதீங்க. முருங்கைக்கீரையும் மீனும் நல்லது, ஆனா பிள்ளை குடிக்காம எந்தப் புட்டும் பால ஊற வைக்காது. இன்னொண்ணு, அழுது குடிக்கிற பிள்ளையப் பத்தி எனக்குப் பயம் குறைவு. எழுப்பினாலும் எழும்பாம, துவண்டு, குடிக்காமத் தூங்கிக்கிட்டே இருந்தா அன்னைக்கே தூக்கிட்டு ஓடுங்க.

கொங்குக்காரி:

அம்மா, இதுல பாதி எனக்கு யாராவது அஞ்சாம் நாள் சொல்லியிருந்தா நான் அந்தத் துணியப் பிடிச்சுட்டு நின்னிருக்க மாட்டேன். ஒண்ணு மட்டும் சேத்துக்குங்க. ஓயாமக் குடிக்குதுன்னு யார் வந்து சொன்னாலும், வாய்க்குள்ள நாக்கையும் ஒரு தடவ பாத்துட்டு அப்புறம் "சாதாரணம்"னு சொல்லுங்க. எனக்குச் சொன்ன மூணு பேரும் பாப்பாவத் தொட்டுக்கூடப் பாக்கலைங்க.

தாம்பரத்து அப்பா:

நான் ஆண். எழுதலாமான்னு தெரியல, மதுரைப் பொண்ணு எழுதினதப் படிச்சதுலேருந்து தூக்கம் இல்ல.

செருப்ப மாட்டிக்கிட்டுக் கிளம்பினது நானா இருந்திருக்கலாம். நான் கிளம்பல, அதவிட மோசமா ஒண்ணு செஞ்சேன். தினசரி காலண்டர்ல கிழிச்ச தாள் பின்பக்கம் ஒவ்வொரு தடவையும் நேரம் எழுதி வச்சேன். 6.10, 6.55, 7.20 இப்படி. அவளுக்கு உதவின்னு சொல்லிக்கிட்டேன். உண்மையில, நீ தேவையில்லாம குடுக்கிறன்னு நிரூபிக்கத்தான். ஒரு நாள் பதினாலு வந்துது. அந்தத் தாளக் கட்டில்ல அவ பக்கத்துல வச்சு "இப்பத்தானே குடுத்த? எண்ணிப் பாரு"ன்னேன். அவ தாளப் பாக்கல. பிள்ளைய அடுத்த பக்கம் மாத்திப் போட்டுட்டு, "தண்ணி மட்டும் எடுத்துத் தாங்க"ன்னா. காலையிலேருந்து அவ தண்ணியே குடிக்கலைன்னு அப்பதான் தெரிஞ்சுது. பதினாலு தடவையும் நேரம் பாத்தவன் நான்.

மறுவாரம் டாக்டர்கிட்ட அந்தத் தாளக் காட்டினேன். எடை பாத்துட்டு, "நல்லா ஏறியிருக்கு, இத எதுக்கு எழுதுறீங்க?"ன்னு கேட்டார். என்கிட்ட பதில் இல்ல.

பனையோலை:

நான் யாழ்ப்பாணம். இஞ்ச குடும்பநல மாது எண்டு அரசாங்க மருத்துவிச்சி வீட்ட வந்து பார்ப்பா. எனக்குப் பத்தாம் நாள் வந்தவ, நான் "பிள்ளை விடுறானே இல்லை அக்கா"ண்டு அழுதிட்டன். அவ கொப்பியை மூடி வச்சிட்டு, பிள்ளையை வாங்கித் தோள்ல போட்டு, "நீ போய்த் தலைக்குக் குளிச்சிட்டு வா, நான் நிக்கிறன்"எண்டா. அரை மணித்தியாலம். பால் குடுக்கிறதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லேல்லை. துணைசுகாதாரம் அக்கா, நீங்கள் எழுதினதெல்லாம் சரி, ஆனா எனக்கு அண்டைக்கு அந்த அரை மணித்தியாலம்தான் வேணுமாயிருந்தது.

மதுரைப் பொண்ணு:

எல்லாத்தையும் ரெண்டு தடவ படிச்சேன். கொங்குக்காரி அக்கா, நீங்க சொன்னத நான் தப்பா எடுத்துக்கல.

தாம்பரத்து அப்பா எழுதினத நேத்து ராத்திரி இவருக்கு வாசிச்சுக் காட்டுனேன். அப்புறம் கரண்டிச் சத்தத்தச் சொன்னேன், முதல் தடவையா. இவர் ரொம்ப நேரம் பேசல. அன்னைக்கு அத்தை சொன்னது தன் காதுல சரியா விழவே இல்லையாம். "பிள்ள அழுகைக்கு நடுவுல நீ அழுத சத்தம் கேட்டுச்சு. எதையாவது வாங்கிட்டு வந்தா நீ அழறத நிறுத்துவேன்னு ஓடினேன்"ன்னார். நான் அழுததே எனக்கு நினைப்புல இல்ல.

அத்தைகிட்ட இன்னும் பேசல. சாயங்காலம் பூண்டு உரிக்க உக்காருவாங்க, அப்போ கேக்கணும்.