சேமித்த முண்டு மிளகாய் விதை முளைக்குமா?

கேள்வி: இரண்டு ஆண்டுகளாகப் புட்டியில் வைத்திருக்கும் இராமநாதபுரம் முண்டு மிளகாய் விதைகளின் முளைப்புத்திறனை, நாற்றங்காலில் தூவுவதற்கு முன்பே அறிய வழி உண்டா? நீரில் மிதப்பவை எல்லாம் பதர்தானா?

பதில்: மிதப்பதால் மட்டும் கழித்துவிடாதீர்கள், நன்கு காய்ந்த நல்ல விதையும் மிதக்கும். ஈரத்துணியில் 100 விதைகளை இடைவெளிவிட்டுப் பரப்பிச் சுருட்டி, துணி காயாதவாறு 25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்து, 7ஆம் நாளும் 14ஆம் நாளும் எண்ணுங்கள்.

மற்றொரு பதில்: வேர் மட்டும் எட்டிப் பார்ப்பது போதாது, வேரும் தண்டும் சீராக வளர்ந்தவற்றையே கணக்கில் கொள்ளுங்கள். சான்று விதைக்கு (தரச்சான்று பெற்று விற்கும் விதை) குறைந்தது 60 விழுக்காடு முளைப்பு வேண்டும். சற்றுக் குறைந்தாலும், அருமையான நாட்டு ரகத்தை எறிந்துவிடாமல் நெருக்கமாக விதையுங்கள்.

கேட்டவர்: நன்றி ஐயா. என்னிடம் ஏறத்தாழ 50 விதைகளே உள்ளன.

பதில்: அப்படியானால் பத்து போதும், முளைத்தவற்றைக் குழித்தட்டுக்கு மாற்றிவிட்டால் அவையும் வீணாகா.