கோல்ஃப் ஷார்ட் கேமைப் புத்தகம் பார்த்துப் பழகுவது: எதை நம்புவது, எப்படிப் பழகுவது?

நந்தனம்_நாலுமணி:

எல்லோருக்கும் வணக்கம். கோல்ஃபில் என் ஹேண்டிகேப் 22, அதாவது இன்னும் சுமாரான ஆட்டக்காரன். டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) க்ரீன் (குழி இருக்கும், ஒட்ட வெட்டிய புல்தரை) ஓரம் வரை வந்துவிடுகிறேன். கடைசி முப்பது கஜத்தில்தான், அதாவது ஷார்ட் கேமில்தான், ஸ்கோர் கரைகிறது. வாராவாரம் கோச்சிடம் போகக் கட்டுப்படியாகவில்லை, அதனால் மூன்று புத்தகங்களை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறேன்.

சிப் (க்ரீன் ஓரத்திலிருந்து கொஞ்சம் பறந்து மீதி உருளும் சின்ன ஷாட்) அடிக்க, ஒன்று பந்தைப் பின்காலுக்கு நேரே வைத்துக் கையை முன்னால் தள்ளச் சொல்கிறது. இன்னொன்று பந்து நடுவில், கிளப்பின் தண்டு நேராக என்கிறது. மூன்றாவது, தூரத்துக்கு ஏற்பக் கிளப்பை 7 ஐயன் முதல் சாண்ட் வெட்ஜ் வரை மாற்று என்று ஒரு கணக்கு கொடுக்கிறது (ஐயன் எண் கூடக்கூட முகம் சாய்ந்து பந்து உயரமாகப் போகும், வெட்ஜ் அதைவிடச் சாய்ந்தது). முதல் முறையில் பாதிப் பந்துகள் பொத்தென்று இரண்டடியில் விழுகின்றன. மீதி க்ரீனைத் தாண்டி ஓடுகின்றன.

எதைப் பிடித்துக்கொள்வது? பழக மொட்டைமாடியும், வாரம் இரண்டு காலை ஒரு மணி நேரமும் இருக்கிறது.

அருகுபோல்_வேரோடி:

மூன்றும் சரிதான் சார். எழுதினவர்கள் நின்ற புல்தான் வேறு.

குளிர்நாட்டுப் புத்தகங்களில் பந்து உட்கார்ந்திருப்பது பென்ட், ஃபெஸ்க்யூ வகைப் புல்லில். சென்னைச் சூட்டுக்குத் தாங்குவது பெரும்பாலும் பெர்முடா. பெயர்தான் பெர்முடா, ஆள் நம்ம அருகம்புல். கோர்ஸில் போடுவது பெரும்பாலும் அதன் கலப்பினம். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று கல்யாணத்தில் வாழ்த்துகிறோமே, அந்த வேரோடுகிற குணம்தான் வெட்ஜின் முன்விளிம்பைக் கப்பென்று பிடிக்கிறது. புல்லின் தண்டு தரையோடு படர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். சாய்வுக்கு எதிராகக் கூர்மையான விளிம்பை இறக்கினால் அது வழுக்காது, சிக்கும்.

இதில் பவுன்ஸ் (கிளப் அடிப்பாகத்தின் சாய்வு) கணக்குதான் முக்கியம். சாண்ட் வெட்ஜ் 56 டிகிரி லோஃப்ட் (முகத்தின் சாய்வு), 10 டிகிரி பவுன்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டு நேராக நின்றால், அடிப்பாகம் முன்விளிம்பைவிடத் தாழ்ந்து 10 டிகிரி சாய்வில் இருக்கும். தரையில் பட்டாலும் சறுக்கிப் போகும். கையை 8 டிகிரி முன்னால் தள்ளினால் மிச்சம் 2 டிகிரி பவுன்ஸ், லோஃப்டும் 48 ஆகிவிடும். உங்கள் இரண்டு தப்பும் இங்கேயே இருக்கிறது. பந்துக்கு ஒரு இஞ்ச் பின்னால் தரையில் பட்டால் விளிம்பு கொத்தி நிற்கும், பந்து இரண்டடியில். கொத்திவிடுமே என்ற பயத்தில் அடுத்த தடவை மணிக்கட்டைச் சுண்டித் தூக்குவீர்கள், விளிம்பு பந்தின் வயிற்றில் படும், க்ரீனைத் தாண்டும். ஒரே நோய்க்கு இரண்டு முகம்.

அதனால் இரண்டாவது புத்தகத்தை எடுங்கள். குதிகால்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. எடையில் அறுபது, எழுபது சதவீதம் முன்காலில் (குழிப் பக்கத்துக் காலில்). ஷாட் முடியும் வரை அங்கேயே. பந்து நடுவில். கை பந்துக்கு நேர் மேலே, மிஞ்சினால் ஒரு விரல்கடை முன்னால். நெஞ்சு திரும்ப வேண்டும், கை மட்டும் ஆடக்கூடாது. பந்துக்கு அடியில் புல்லை உரசுகிற "சர்க்" சத்தம் வர வேண்டும். "டொக்" என்று வந்தால் கொத்தியிருக்கிறீர்கள். (இடதுகைக்காரர்களுக்கும் இதேதான், முன்கால் பின்கால் என்று சொல்வது அதனால்தான்.)

முதல் புத்தகம் வீண் என்று தூக்கிப் போட வேண்டாம். ஏப்ரல், மே மாதம் தரை காய்ந்து சிமென்ட் மாதிரி ஆனபின் பவுன்ஸ் அதிகமானால் வெட்ஜ் தட்டி எகிறும். அப்போது பந்தை ஒரு பந்தளவு பின்னால் தள்ளி, கையைக் கொஞ்சம் முன்னால் வைப்பது பலிக்கும். மழையில் தரை இளகியிருந்தால் அது சரிப்படாது, பவுன்ஸ் முழுசும் வேண்டும்.

பதினெட்டாங்_குழி:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். மூன்றாவது புத்தகத்தின் கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது பன்னிரண்டு விதி. பந்து விழ வேண்டிய இடம்வரை தப்படி போடுங்கள். அங்கிருந்து குழிவரை தப்படி போடுங்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்து, வந்ததைப் பன்னிரண்டிலிருந்து கழித்தால் ஐயன் எண். பிட்சிங் வெட்ஜை 10 என்றும் சாண்ட் வெட்ஜை 11 என்றும் கொள்ள வேண்டும்.

பந்து க்ரீனுக்கு இரண்டு தப்படி வெளியே, க்ரீனுக்குள் ஒரு தப்படி உள்ளே விழ வைக்கிறீர்கள், மொத்தம் மூன்று. அங்கிருந்து குழி ஒன்பது தப்படி. ஒன்பதை மூன்றால் வகுத்தால் மூன்று, பன்னிரண்டில் மூன்று போனால் 9 ஐயன்.

சமதளமான, நடுத்தர வேக க்ரீனுக்குத்தான் இந்தக் கணக்கு. மேட்டைப் பார்த்து அடித்தால் ஒரு எண் குறையுங்கள், பள்ளத்தில் ஒரு எண் கூட்டுங்கள். நம்ம ஊரில் இன்னொன்றும் சேர வேண்டும்: புல்லின் சாய்வு. குழியைப் பார்த்து நின்று கவனியுங்கள். புல் பளபளப்பாகத் தெரிந்தால் சாய்வு உங்களை விட்டு விலகிப் போகிறது, பந்து ஓடும், ஒரு எண் கூட்டுங்கள். கரும்பச்சையாக மங்கித் தெரிந்தால் எதிர்ச்சாய்வு, பந்து நின்றுவிடும், ஒரு எண் குறையுங்கள். சந்தேகமென்றால் குழியின் விளிம்பைப் பாருங்கள். வெட்டு பிய்ந்து பழுப்பாக இருக்கும் பக்கம் நோக்கித்தான் புல் சாய்கிறது. மேகமூட்டமான நாளில் பளபளப்பை நம்ப முடியாது, விளிம்புதான் கை கொடுக்கும். இதெல்லாம் பழைய கேடிகளுக்கு (கிளப் பையைத் தூக்கி உடன் வருபவர்கள்) மனப்பாடம், கேட்டால் சொல்வார்கள்.

ஆனால் 22 ஹேண்டிகேப்புக்கு ஐந்து கிளப்பும் வேண்டாம் என்பது என் கட்சி. 8 ஐயன், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், இந்த மூன்று போதும். 8 ஐயன் ஒரு பங்கு பறந்து நாலு பங்கு உருளும், பிட்சிங் வெட்ஜ் ஒன்றுக்கு இரண்டு, சாண்ட் வெட்ஜ் ஒன்றுக்கு ஒன்று. க்ரீன் ஓரத்தில் எதிர்ச்சாய்வில் பந்து கிடந்தால் கணக்கே போடாதீர்கள், பட்டரை (க்ரீனில் பந்தை உருட்டும் கிளப்) எடுங்கள். பார்க்கக் கௌரவமாக இருக்காது, ஆனால் சுமாரான பட், சுமாரான சிப்பைவிடக் குழிக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

நந்தனம்_நாலுமணி:

இருவருக்கும் நன்றி. "டொக்" சத்தம்தான் எனக்கு எப்போதும். மொட்டைமாடியில் விரிப்பு போட்டு அடித்தால் மட்டும் எல்லாம் சரியாக வருகிறதே, அது ஏன்? முப்பது, நாற்பது கஜ பிட்ச்சுக்கு (சிப்பைவிட உயரமாகப் பறக்கும் ஷாட்) என்ன செய்வது? மழை முடிந்தபின் பங்கரில் (மணல் பள்ளத்தில்) இருந்து வெளியே வரவே முடிவதில்லை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கோலமாவு:

விரிப்பு பொய் சொல்லும். பந்துக்கு இரண்டு இஞ்ச் பின்னால் இடித்தாலும் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைச் சுத்தமாகத் தொட்டுவிடும். தப்பு தெரியாமல் தப்பையே பழகிக்கொண்டிருப்பீர்கள். பந்துக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி மடித்த துண்டு ஒன்றைப் போடுங்கள். துண்டில் பட்டால் அந்த ஷாட் கணக்கில் இல்லை. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து போதும், பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் நல்லது.

மண்ணோ புல்லோ இருக்கும் இடம் கிடைத்தால் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: கோலமாவால் மூன்றடி நீளத்துக்கு ஒரு கோடு. பந்து வேண்டாம். கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் வைத்து, கோடு நெடுக நகர்ந்துகொண்டே இருபது ஸ்விங். கிளப் தரையைத் தொட்ட தடம் கோட்டிலோ அதற்கு முன்பக்கமோ தொடங்க வேண்டும். பின்பக்கம் தொடங்கினால் எடை பின்காலுக்குப் போகிறது. இருபதில் பதினைந்து சரியாக வராமல் பந்தை எடுக்காதீர்கள். கோல்ஃப் மன்றத்தின் பயிற்சி மைதானமென்றால் கோடு போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

புத்தகம் படிக்கிற விதத்திலும் ஒன்று. அத்தியாயம் அத்தியாயமாக ஓடாமல், ஒரு அத்தியாயத்துக்கு இரண்டு வாரம் கொடுங்கள். அதிலிருந்து ஒரே ஒரு வரியைச் சீட்டில் எழுதிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். "எடை முன்காலில்" என்பது போதும். ஐந்து வரி எழுதினால் ஸ்விங் நடுவில் ஐந்தும் ஞாபகம் வரும், கை நின்றுவிடும். படத்தோடு ஒப்பிட போனில் ஸ்லோ மோஷன் எடுங்கள். போன் கை உயரத்தில், நெஞ்சுக்கு நேரே இருக்க வேண்டும். சாய்த்து வைத்தால் பந்து இருக்கும் இடமே மாறித் தெரியும், பிறகு இல்லாத தப்பைத் திருத்துவீர்கள்.

பிட்ச்சுக்குக் கடிகார முறைதான் எளிது. எதிரே நிற்பவர் பார்க்கிற கடிகாரமாக உங்களை நினையுங்கள், முன்கால் பக்கத்துக் கைதான் முள். ஏழரை, ஒன்பது, பத்தரை என மூன்று அளவு பின்வீச்சு. மூன்றுக்கும் ஒரே தாளம், முடிவு முழுசாக. வேகத்தைக் கூட்டித் தூரம் தேடக்கூடாது. பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், இரண்டுக்கும் இடைப்பட்ட கேப் வெட்ஜ் மூன்றுக்குமாக ஒன்பது தூரம் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பந்து, மோசமான இரண்டை விட்டுவிட்டு மீதி எட்டின் சராசரி. பந்து விழுந்த இடம்தான் அளவு, உருண்டு நின்ற இடம் அல்ல. தேய்ந்த ரேஞ்ச் பந்தில் எடுத்த கணக்கு ஆட்டத்தில் உதவாது, நீங்கள் ஆடுகிற பந்திலேயே அளந்துகொள்ளுங்கள். ஒன்பது எண்ணையும் தண்டில் சின்ன ஸ்டிக்கராக ஒட்டிக்கொள்ளலாம். பெரிதாக எடுத்துவிட்டுப் பந்துக்கிட்டே வரும்போது வேகத்தைக் குறைப்பதுதான் நாற்பது கஜத்தில் எல்லோரும் செய்கிற தப்பு. சின்னதாக எடுத்து முழுசாக முடியுங்கள்.

ஒரு மணி நேரத்தில் கடைசி இருபது நிமிடத்தைப் பரீட்சைக்கு வையுங்கள். க்ரீனைச் சுற்றி ஒன்பது இடம், ஒரே பந்து, ஒவ்வொன்றையும் சிப் பண்ணி பட் போட்டு முடிக்க வேண்டும். இடத்துக்கு இரண்டு ஸ்ட்ரோக், மொத்தம் பதினெட்டு என்பது இலக்கு. தேதியோடு குறித்து வாருங்கள். ஒரே இடத்திலிருந்து ஐம்பது பந்து அடிப்பது கைக்குச் சுகம், ஆட்டத்துக்கு உதவாது.

அருகுபோல்_வேரோடி:

பங்கர் விஷயம் என் பங்குக்கு. அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜீன் சாரசன் 1932இல் பிரிட்டிஷ் ஓப்பன் ஜெயித்தபோது கையில் இருந்த சாண்ட் வெட்ஜின் ரகசியமும் பவுன்ஸ்தான்: அடிப்பாகம் மணலைக் கொத்தாமல் வாரிக்கொண்டு போகும். காய்ந்த மணலில் கிளப்பின் முகத்தைத் திறந்து (வானம் பார்க்கச் சாய்த்து), அதன்பிறகு கிரிப் பிடியுங்கள். பிடித்துவிட்டுக் கையைத் திருப்பினால் அடிக்கும்போது மூடிக்கொள்ளும். பந்து முன்கால் பாதத்தின் உள்பக்கம், பாதம் மணலில் கொஞ்சம் புதைய. பந்துக்கு இரண்டு இஞ்ச் பின்னால் மணலில் இறங்கி, பந்துக்கு முன்னால் வெளியே வர வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை நனைத்த மணல் இறுகிக் கிடக்கும். அதில் திறந்த முகத்தோடு இறங்கினால் பவுன்ஸ் தட்டி எகிறி, விளிம்பு நேராகப் பந்தில் படும். முகத்தைக் கிட்டத்தட்ட நேராக்குங்கள், ஒரு இஞ்ச் பின்னால் இறங்குங்கள், வீச்சைச் சின்னதாக்குங்கள். பந்து வேகமாக வெளியே வந்து அதிகம் உருளும், அதற்கு இடம் விட்டுக் குறி வையுங்கள். பாதிப் புதைந்த பந்துக்கும் முகம் நேராகத்தான், கொஞ்சம் மூடினாலும் தப்பில்லை.

உங்கள் புத்தகங்கள் 2019க்கு முந்தியவை என்றால் விதிப் பக்கங்களை மட்டும் நம்பாதீர்கள். பங்கரில் கிடக்கும் சருகை, கல்லை இப்போது எடுக்கலாம், அதனால் பந்து நகராத வரை. ஆனால் பந்துக்கு ஒட்டி முன்னாலோ பின்னாலோ, ஒத்திகை ஸ்விங்கிலோ, பின்வீச்சிலோ கிளப் மணலைத் தொட்டால் அபராதம். மழைநீர் தேங்கியிருந்தால் பங்கருக்குள்ளேயே அபராதமின்றி இடம் மாற்றலாம். வெளியே போக ஒரு ஸ்ட்ரோக். தண்ணீர் இல்லாமல் சும்மா ஆட முடியாத பந்து என்று முடிவு செய்து வெளியே போட்டால் இரண்டு. மூன்று தடவை உள்ளேயே குத்திக்கொண்டிருப்பதற்கு அந்த இரண்டு மலிவு.