பழைய சாகச நூலின் வரைபடம் மங்கல்: கறுப்பாக்குவது எப்படி?

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் நண்பர்கள் சேர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். நடத்துவது நான். பி2 எனப்படும் ‘தி கீப் ஆன் த போர்டர்லேண்ட்ஸ்’ சாகச நூலின் கேட்டால் மட்டும் அச்சிட்டுத் தரும் மறுபதிப்பைப் போன மாதம் எடுப்பித்தேன். எழுத்தெல்லாம் தெளிவு. குகைகளின் வரைபடம்தான் சிக்கல்.

1980 வாக்கில் வந்த மூலத்தில் வரைபடம் தனியாகக் கழலும் அட்டையின் உட்புறத்தில், வெளிர் நீலத்தில் இருந்தது. எனக்கு வந்த பிரதியில் அது உள்பக்கமாகிவிட்டது. ஏ முதல் கே வரையான குகைகளில் நடுவில் உள்ளவற்றைத் தையல் விழுங்கிவிட்டது. விரித்துப் பிடித்தால் முதுகு உடையும் போலிருக்கிறது.

பிடிஎஃப்பையும் வாங்கினேன். அதில் படம் முழுசாக இருக்கிறது, ஆனால் மங்கல். என்.சி. வீதிக் கடையொன்றில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் ஏறக்குறைய வெறும் தாள். கலரில் கட்டங்களும் சுவர்களும் ஒன்றாகத் தெரிகின்றன. படங்களைத் திருத்தும் மென்பொருளான கிம்ப்பில் கான்ட்ராஸ்டைக் கூட்டினேன். பழைய தாளின் கறையும் சேர்ந்து கறுத்து, அறை இலக்கங்கள் மைப்பொட்டுகளாகின. கட்டக் கொப்பியில் கையால் வரையவும் பார்த்தேன். அறைகள் சரி, சரிவைக் காட்டும் வளைகோடுகளில் கை விட்டுவிட்டேன். அதில்லாமல் எந்த வாசல் உயரத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாது, பதுங்கிப் போவோருக்கு அதுதான் முக்கியம்.

அடுத்த போயா (பௌர்ணமி) விடுமுறையில் ஆட்டம். கறையை விட்டு நீலக் கோடுகளை மட்டும் கறுப்பாக்கி ஏ3 தாளில் எடுக்க, கிம்ப்பில் என்னென்ன படிகள் செய்ய வேண்டும்?