பத்தில் ஒன்றும் ஒரு கைப்பிடி அரிசியும்

பனங்காட்டான்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். தேவனுக்குக் கீழ்ப்படிதலைப் பற்றி இந்தக் குழுவில் அனுபவம் எழுதச் சொன்னீர்கள். சபையில் எழுந்து சொல்கிற சாட்சி மாதிரி இது இருக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். வேலை திருப்பூரில், பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அதனாலோ என்னவோ தசமபாகத்தில் ஒரு பைசா விட்டதில்லை. சம்பளம் ஏறின அன்றே பத்தில் ஒன்றை எடுத்துக் கவரில் போட்டு, மேலே மாதத்தை எழுதி பீரோவில் வைத்துவிடுவேன். பி.எஃப். பிடித்தது போக வருவதிலா, பிடிப்பதற்கு முந்தின தொகையிலா என்று எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் விவாதமே பண்ணியிருக்கிறேன். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். சின்ன வயதில் ஒரு கன்வென்ஷனில் மல்கியா 3-ஆம் அதிகாரத்தை எடுத்த பிரசங்கியார், கர்த்தருக்குக் கொடுக்காததை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டிவரும் என்றார். அது காதிலேயே தங்கிவிட்டது. இத்தனை வருஷமும் நான் ஆஸ்பத்திரிக்குப் பயந்துதான் கொடுத்தேன்.

4 வருஷத்துக்கு முன் மகளுக்கு டெங்கு வந்தது. 11 நாள் ஆஸ்பத்திரி. பிளேட்லெட் 20,000-க்குக் கீழே இறங்கின ராத்திரி, ஐ.சி.யூ. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து நான் ஜெபம் பண்ணவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். 14 வருஷம், மாதம் இவ்வளவு, போனஸில் இவ்வளவு. கூட்டுத்தொகை வந்ததும், "இவ்வளவையும் வாங்கிக்கொண்டு இதுதானா?" என்று கேட்டேன். கேட்ட பிறகு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பிரீமியம் ஒழுங்காகக் கட்டினவன் இன்சூரன்ஸ்காரனிடம் பேசுகிற பேச்சு அது. லூக்கா 15-இல் கெட்ட குமாரன் உவமையில் மூத்த குமாரன் தகப்பனிடம், ஒருக்காலும் உம்முடைய கற்பனையை (கட்டளையை) மீறவில்லை, எனக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூடத் தரவில்லையே என்கிறானே, அவனும் கணக்கு எழுதுகிறவன்தான் போல.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள், நன்றாக இருக்கிறாள். அதற்கும் நான் கொடுத்ததற்கும் முடிச்சுப் போட எனக்கு இப்போது மனசில்லை.

தேறினதும் அவளை ஊருக்குக் கூட்டிப்போனோம். ஆச்சி அப்போது இருந்தார்கள். 84 வயது, பார்வை பாதிதான். சமையல் அத்தை கையில். ஆனால் உலை கொதிக்கும்போது அத்தை குரல் கொடுப்பாள். ஆச்சி சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து, அரிசி களைவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளி மூலையில் இருக்கிற டப்பாவில் போடுவார்கள். கைப்பிடி அரிசி. ஞாயிற்றுக்கிழமை அது சபைக் கோயிலுக்குப் போகும். முருங்கைக்காய், கோழிமுட்டையோடு அதையும் ஏலம் விட்டு ஊழியத்துக்குச் சேர்ப்பார்கள். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, நம் ஆட்களே நம் காணிக்கையிலேயே தெலுங்கு நாட்டுக்குப் போனார்கள் என்று ஓய்வுநாள் பள்ளியில் படித்திருக்கிறேன். அந்தக் காணிக்கை எந்தெந்த அடுப்படியிலிருந்து போயிருக்கும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

"ஆச்சி, ஒருநாள் போடாம விட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

அவர்களுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "என்னல ஆகும்? ஒண்ணும் ஆகாது." கொஞ்சம் கழித்து, "ஒங்க தாத்தா இருந்தப்ப அவியளுக்கு மொதல்ல எடுத்து வச்சிட்டுத்தாம்ல நான் சாப்பிடுவேன். அவிய அடிப்பாவன்னா வச்சேன்?" என்றார்கள். டப்பாவை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

இரவுப்பணி:

அண்ணாச்சி, ஆச்சியை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்பு வந்த பிறகுதான் கீழ்ப்படிவேன் என்று உட்கார்ந்திருந்தால் என் மாமியார் செத்தே போயிருப்பார்.

நான் நர்ஸ். எங்களுடையது காதல் கல்யாணம். என் கையால் பச்சைத்தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர் அவர். பக்கவாதம் வந்து விழுந்தபோது பார்த்துக்கொள்ள என்னைத் தவிர ஆளில்லை. "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்ற வசனத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, படுக்கைப்புண் வராமல் 2 மணிக்கொரு தரம் புரட்டிப் போடுவது. வார்டில் யாரோ ஒருவருக்குச் செய்கிறபோது இருக்கிற இரக்கம்கூட அவரிடம் எனக்கு வரவில்லை. 'ஆண்டவரே, நீர் சொன்னதால் செய்கிறேன், வேறெதுவும் என்னிடம் எதிர்பார்க்காதேயும்' என்றுதான் ஜெபமே.

எட்டு ஒன்பது மாதம் போயிருக்கும். அம்மா வீட்டுக்கு ஒரு நாள் போனேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தால், அத்தை சாப்பிட்டிருப்பாரா, என் வீட்டுக்காரருக்குக் கஞ்சி புகட்டத் தெரியாதே என்று நெஞ்சை அடைக்கிறது. இது எப்போது உள்ளே வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

அன்பு இருந்தால் முதுகு வலிக்காது என்று யாராவது பிரசங்கம் பண்ணினால் நம்பாதீர்கள். அவருடைய கற்பனைகள் பாரமானவைகளல்ல என்று 1 யோவான் 5-இல் இருக்கிறது. படுத்திருக்கிற ஆளைப் புரட்டிப் பார்த்தால் தெரியும் பாரம்.

ஓய்வுநாள் பள்ளி:

சகோதரி எழுதினதைப் படித்ததும் யாக்கோபுதான் ஞாபகத்துக்கு வந்தான். ராகேலின் பேரில் இருந்த பிரியத்தினாலே அவள் தகப்பன் லாபானிடம் வேலை செய்த அந்த ஏழு வருஷமும் அவனுக்குக் கொஞ்ச நாளாகத் தோன்றினது என்று ஆதியாகமம் 29-இல் பார்க்கிறோம். தோன்றினதுதான் கொஞ்ச நாள். பகல் வெயிலும் இராக்குளிரும் தன்னைப் பட்சித்தது என்று பிறகு அவனே லாபானிடம் சண்டை போடும்போது சொல்கிறான்.

இன்னொன்று. 20 வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பத்துக் கற்பனைகளை மனப்பாடம் பண்ண வைக்கிறேன். 'என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்' என்றே தொடங்குவோம். போன வருஷம் ஒரு வாண்டு வேதாகமத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, "சார், மேல ஒரு வரி இருக்கே, அதை ஏன் சொல்லல?" என்றான். எகிப்திலிருந்து உன்னைப் புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே என்கிற வரி. யாத்திராகமத்தில் செங்கடல் 14-ஆம் அதிகாரம், கற்பனை 20-ஆம் அதிகாரம். முதலில் கரையேற்றிவிட்டுத்தான் பேசவே ஆரம்பிக்கிறார். பரிசு கொடுக்கிற அவசரத்தில் அந்த வரியை நாங்கள் இத்தனை காலம் தின்றுவிட்டோம்.

மழைக்காலம்:

கைப்பிடி அரிசி நம் ஊரில் மட்டும் இல்லை. வேலையாக 3 வருஷம் மிசோரம் மாநிலத்து ஐஸ்வாலில் இருந்தேன். அங்கே பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-இலிருந்து இதையே செய்கிறார்கள். பூஃபாய் தாம் என்று பெயர். நான் குடியிருந்த வீட்டு அம்மாவும் ஒவ்வொரு வேளையும் எடுத்து வைப்பார். பாஷை புரியாத ஊரில் முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் வீடு ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

கால்கழுவி:

எல்லோரும் நெகிழ்ந்துபோய் எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாகத்தான் எழுதப்போகிறேன், மன்னியுங்கள்.

"நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்." யோவான் 14:15. முன்பு நாங்கள் போன ஒரு சபையில் இந்த வசனத்தை வைத்துத்தான் மிரட்டினார்கள். நகை போட்டால் அன்பில்லை. உபவாச ஜெபத்துக்கு வராவிட்டால் அன்பில்லை. புருஷன் அடித்தாலும் பொறுத்துப்போகாவிட்டால் அன்பில்லை. பயத்தைக் காட்டிக் கேட்டால் எதிர்த்தாவது நிற்கலாம். அன்பைக் காட்டிக் கேட்டால் எதிர்க்கவும் குற்ற உணர்வாக இருக்கும். அந்தச் சபையை விட்டு வந்து 3 வருஷம் நான் வேதாகமத்தைத் தொடவில்லை.

திரும்ப வாசிக்க ஆரம்பித்தபோது யோவானை வரிசையாக வாசித்தேன். அதற்கு முந்தின அதிகாரத்தில்தான் அவர் மேல்வஸ்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சீலையைக் கட்டிக்கொண்டு சீஷர்களுடைய கால்களைக் கழுவுகிறார். யூதாசும் அங்கேதான் இருக்கிறான். கால் கழுவினவர் சொல்கிறபோது அந்த வசனம் எனக்கு வேறாகக் கேட்டது. எனக்கு அதைச் சொன்னவர்கள் யாரும் யார் காலையும் கழுவி நான் பார்த்ததில்லை.

பனங்காட்டான்:

கால்கழுவி சகோதரி, நீங்கள் எழுதினதை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. ஆச்சி சொன்ன அந்த வார்த்தையைக்கூட அடிக்கிற தாத்தா வீட்டில் இருந்து கேட்டிருந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன்.

ஆச்சி போய் 2 வருஷம் ஆகிறது. நான் இப்போதும் பத்தில் ஒன்றுதான் கொடுக்கிறேன். பயம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பிள்ளைக்குச் சளி பிடித்தாலே கவரைத் தடவிப் பார்க்கிற புத்தி இன்னும் இருக்கிறது. மேலே மாதம் எழுதுவதை மட்டும் விட்டுவிட்டேன். கூட்டிப் பார்க்க முடியாதபடிக்கு.

திருப்பூர் வீட்டிலும் ஒரு டப்பா வைத்தோம். மகள்தான் போடுகிறாள். கை சின்னது என்று இரண்டு தடவை அள்ளுகிறாள். ஆனால் இங்கே எங்கள் சபையில் அரிசி வாங்குகிற வழக்கம் இல்லை. சேர்த்து வைத்ததில் வண்டு விழுந்துவிட்டது. யாரிடம் சேர்க்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

காய்ந்த வேப்பிலையைப் போட்டு வையுங்கள் அண்ணாச்சி, வண்டு வராது. விழுந்ததைக் கொட்டிவிடாதீர்கள், முறத்தில் போட்டு வெயிலில் காயவைத்தால் போய்விடும்.