சேலத்தில் கிட்டார் வாத்தியார் தேடியவர்களே, உங்களுக்கு என்ன நடந்தது?

அழகாபுரம் அம்மா

நடந்து ஒரு வருடம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். மகளுக்கு அப்போது எட்டு வயது. தெரிந்தவர் மூலமாக ஒரு மாஸ்டர் கிடைத்தார். வீட்டுக்கே வருவார், வாரம் இரண்டு நாள், மூன்று மாதப் பணம் முன்கூட்டியே. கிட்டாரையும் அவரே வாங்கி வந்தார். பெரிய சைஸ், ஸ்டீல் கம்பி. "வளர்ற பிள்ளைதானே, சின்னது வாங்கினா ரெண்டு வருஷத்துல மறுபடியும் வாங்கணும்" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பாவாடையையே இரண்டு இன்ச் மடித்துத் தைத்து வாங்குகிற வீடு எங்களுடையது.

ஐந்தாவது வாரம் இருக்கும். பால் ஆற்றிக் கொடுத்தேன். டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, விரல் படாமல், அணில் கொட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக் குடித்தாள். என்னடி இது என்று இடது கையைப் பிரித்துப் பார்த்தால் நான்கு விரல் நுனியிலும் கம்பி பதிந்த கோடு. ஆள்காட்டி விரலில் தோல் பிளந்து காய்ந்தே போயிருந்தது. சாப்பிடுவது, எழுதுவது எல்லாம் வலது கை. அதனால் இத்தனை நாள் எங்கள் கண்ணில் படவில்லை.

"வலிச்சாத்தான் வரும்னு சார் சொன்னாரும்மா. அம்மாகிட்ட சொன்னா கிளாஸை நிறுத்திடுவாங்கன்னும் சொன்னாரு."

அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஒவ்வொரு வகுப்பின்போதும் நான் அடுத்த அறையில்தான் துணி மடித்துக்கொண்டு இருந்தேன்.

இருபதாவது கொண்டை ஊசி

நான் ஏற்காடு. மேலே எனக்கு ஆள் கிடைக்கவில்லை, ஞாயிறுதோறும் பஸ்ஸில் கீழே இறங்குவேன். இருபது வளைவுக்கும் கிட்டாரை மடியில் நிறுத்திக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், தெரியும். ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடியில் வகுப்பு, முக்கால் மணி நேரம்.

மலையில் குளிரில் சுருதி கூட்டிய கம்பி சேலம் வெயிலுக்கு வந்ததும் இளகி இறங்கிவிடும். சார் கிட்டாரை வாங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து முறுக்குவார். கால் மணி நேரம் அதிலேயே போய்விடும். எப்படி சார் என்று கேட்டால், "அதெல்லாம் காதுல வரணும் தம்பி, பத்து வருஷம் ஆகும்." ஏழு மாதம் இப்படியே ஓடியது.

ஒரு நாள் மேலே திரும்பும்போது பக்கத்து சீட்டில் ஒரு காலேஜ் பையன். "கொடுங்க ண்ணா" என்று வாங்கினான். தடிக் கம்பியை ஐந்தாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட்) அழுத்தினால் அடுத்த கம்பியின் சத்தம், அதை ஐந்தில் அழுத்தினால் அதற்கடுத்தது, இப்படியே போகும், கீழிருந்து மூன்றாவது கம்பிக்கு மட்டும் நாலாவது ஃப்ரெட், அவ்வளவுதான் என்றான். பஸ் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. "தாடையை மரத்து மேல வைங்க" என்றான். வைத்தேன். பல் வழியாகக் கேட்டது! இரண்டு கம்பியும் சேராதபோது ஒரு உதறல் வரும். சேரச் சேர உதறல் மெதுவாகி நின்றுவிடும். ஆறாவது வளைவில் ஆரம்பித்தது, பதினொன்றாவது வளைவு போர்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு சார் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து நானே சரிசெய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு தடவை மீட்டிப் பார்த்தார். "யாரு பண்ணது?" நான்தான் சார் என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு வகுப்பைப் பத்து நிமிஷம் முன்னாடியே முடித்துவிட்டார்.

சூரமங்கலம் தாத்தா

ரிட்டையர் ஆன மறு மாதம் சேர்ந்தேன். எல்லாருக்கும் ஒரே வகுப்பு. மூன்றாவது, நான்காவது படிக்கிற பிள்ளைகள் நடுவில் நான் ஒருத்தன் வழுக்கைத் தலையோடு. அது எனக்குக் கஷ்டமாக இல்லை. மாஸ்டர் என்னை "அங்கிள்" என்று கூப்பிட்டு, தப்பு வாசித்தாலும் "சூப்பர் அங்கிள்" என்பார். அதுதான் கஷ்டம். பிள்ளைகளைத் திட்டுகிறாரே, என்னையும் திட்டினால் என்ன?

எஃப் கார்டு (பல ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கிற பிடி) மூன்று வாரமாக வரவில்லை. ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். "நல்லா அழுத்துங்க அங்கிள்" என்பதோடு சரி. பக்கத்தில் இருந்த பொடியன் பொறுக்கமாட்டாமல், "தாத்தா, விரலைத் தட்டையா வைக்காதீங்க. கொஞ்சம் ஓரமா சாச்சு வைங்க. முழங்கைய உடம்போட இழுங்க" என்று என் முழங்கையைப் பிடித்து அவனே இழுத்துவிட்டான். நாலு கம்பி பேசியது. அன்று சாயங்காலம் இரண்டு பேரும் வாசலில் நின்று தட்டுவடை செட் சாப்பிட்டோம். அவனுக்குக் காரம் கம்மி.

முழுப் பரீட்சை லீவுக்குப் பிறகு அவன் வரவில்லை. பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை நான்.

நானும் வாத்தியார்தான்

அழகாபுரம் மேடம், உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் எல்லாப் பழியையும் வாத்தியார் தலையில் போடாதீர்கள். எங்கள் பக்கமும் கதை இருக்கிறது. பத்து நாளில் ஆண்டு விழா, பையன் கிட்டாரைத் தொட்டதே கிடையாது. அப்பா வந்து, "முழுசா வேண்டாம் மாஸ்டர், ஒரே ஒரு பாட்டு போதும். பாட்டுக்கு எவ்வளவு?" என்றார். பிளவுஸ் தைக்கக் கொடுக்கிற மாதிரி. நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே விலைதான் கேட்டிருக்கிறார்.

சரி, தேடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்கு 34 இன்ச், எட்டிலிருந்து பத்து வரை 36 இன்ச். அதற்கு மேல் முழு சைஸ் போகலாம். வயதைவிடக் கை நீளம் முக்கியம். மடியில் வைத்தால் தலைப்பக்கத்து முதல் ஃப்ரெட்டுக்குத் தோள் தூக்காமல் கை போக வேண்டும். நைலான் கம்பி போட்டது வாங்குங்கள், விரலுக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் ஸ்டீல் கிட்டாரில் நைலான் மாட்டிக்கொள்ளலாம் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். நைலானுக்கென்றே செய்த கிளாசிக்கல் கிட்டாரில் ஸ்டீல் மாட்டுவது அதைவிட மோசம், இழுவையில் கம்பியைப் பிடித்திருக்கிற பாலமே பெயர்ந்து வந்துவிடும். கம்பிக்கும் பலகைக்கும் இடையில் உள்ள உயரத்தை ஆக்‌ஷன் என்போம். அது அதிகமாக இருந்தால் பெரியவர்களுக்கே விரல் கிழியும். பாதிப் பேர் கிட்டாரை விட்டதற்குக் காரணம் இந்த உயரம்தான் என்பது என் கட்சி. முதல் வகுப்பை ஒற்றை வகுப்பாகக் கேளுங்கள், முன்பணம் அப்புறம். கூடவே உட்காருங்கள். முப்பது நிமிஷத்தில் வாத்தியார் எவ்வளவு வாசிக்கிறார், பிள்ளை எவ்வளவு வாசிக்கிறது என்று பாருங்கள். எட்டு வயதுக்கு முப்பது நிமிஷத்துக்கு மேல் தாங்காது. வீட்டில் தினமும் பத்து நிமிஷம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் என்பது உதவாது. டிரினிட்டி காலேஜ் லண்டன் மாதிரி கிரேடு பரீட்சை வேண்டுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இனிஷியல் என்ற முதல் நிலையில் தொடங்கி எட்டாவது கிரேடு வரை போகிறது. பிள்ளைக்கு ஆசை இருந்தால் எழுதட்டும், உங்களுக்கு ஆசை என்றால் நீங்கள் சேர்ந்து எழுதுங்கள். சூரமங்கலம் சார் எழுதலாம்.

கொண்டை ஊசி தம்பி, உங்கள் சார் செய்தது தப்பு. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

அழகாபுரம் அம்மா

நான் எந்த சைஸ் வாங்குவது என்று கேட்கவே இல்லையே சார். 36 இன்ச் என்பது இப்போது எனக்கும் தெரியும். பிள்ளையிடம் "அம்மாவிடம் சொல்லாதே" என்ற ஆளைப் பற்றி எழுதினேன். அதற்கு நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

நானும் வாத்தியார்தான்

உண்மைதான். மன்னிக்கணும்.

சரளி வரிசை

ஆறு வருஷம் பாட்டு கற்றவள் நான். முப்பத்தி நாலு வயதில் கிட்டார் ஆசை வந்தது. முதல் நாள் வாத்தியார் சி மேஜர் ஸ்கேல் வாசித்தார். நான் பழக்கதோஷத்தில் ஸ ரி க ம ப என்று கூடவே பாடிவிட்டேன். சங்கராபரண ராகத்து ஸ்வரங்கள்தானே அவை? டக்கென்று நிறுத்திவிட்டு, "அதெல்லாம் மறந்துட்டு வாங்க மேடம். கர்நாடிக் பழகின காதுக்கு இது ஏறாது" என்றார். ஸ்கேல் வேறு, ராகம் வேறு என்று எனக்கும் தெரியும். ஸ்வரத்தை அசைக்கிற கமகம் இல்லாமல் சங்கராபரணம் ஏது? ஆனால் மறப்பதற்கு என்ன இருக்கிறது இதில்? கிட்டாரிலேயே கச்சேரி செய்கிற பிரசன்னாவைப் பற்றிச் சொன்னேன். கேட்டதில்லை என்றார். கேட்காதது தப்பில்லை. போனில் போட்டுக் காட்டுகிறேன் என்றதற்கு மணியைப் பார்த்தார் பாருங்கள், அதோடு நான் எழுந்துவிட்டேன். இப்போது வீட்டில் தனியாக, ஒரே கம்பியில் வரிசை வாசித்துக்கொண்டிருக்கிறேன். கார்டு ஒன்றும் தெரியாது.

செவ்வாய்ப்பேட்டை

கிரேடு பேச்சு வந்ததால் சொல்கிறேன். என் பையனுக்கு வருஷம் பூராவும் பரீட்சைக்கான மூன்றே பாட்டு. பரீட்சையில் நல்ல மார்க். அண்ணன் வீட்டில் குழந்தைக்குப் பிறந்தநாள், கேக் வெட்டுகிறார்கள், "ஹேப்பி பர்த்டே வாசிடா கண்ணு" என்றார் அண்ணி. கிட்டாரை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "நோட்ஸ் ஷீட் இருக்காப்பா?" என்றான். கேக் மேல் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டே இருக்கிறது. தப்பு பரீட்சையுடையது இல்லை, சொல்லித்தந்தவரும் நானும்தான்.

கோரிமேடு பேச்சலர்

நான் சர்ச் கொயரில் ஒரு அண்ணனிடம் ஓசியில் கற்றவன், அதனால் பெரிய கதை இல்லை. ஜி, சி, டி கார்டு மூன்றையும் ஒரே சாயங்காலத்தில் காட்டினார், அப்புறம் வேலைக்கு பெங்களூர் போய்விட்டார். கிட்டார் கழுத்தில் மாட்டுகிற அவருடைய கேப்போ கிளிப் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அழகாபுரம் அக்கா, தப்பா நினைக்காதீங்க, அந்தப் பெரிய கிட்டாரை என்ன செஞ்சீங்க? விக்கிற மாதிரி இருந்தா எனக்குச் சொல்லுங்க.

அழகாபுரம் அம்மா

பரண் மேல் இருக்கிறது தம்பி. மகள் இப்போது அஸ்தம்பட்டியில் ஒரு காலேஜ் பெண்ணிடம் போகிறாள், நைலான்தான். பெரியதில் ஒரு கம்பி இல்லை, சிங்க் அடைப்பைக் குத்த என் வீட்டுக்காரர் கழற்றினார். பரவாயில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள்.