புதுப்பிப்பு: ஏழாம் வாய்ப்பாட்டுத் தடுமாற்றம் தீர்ந்தது

நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகள், ஏழாம் வாய்ப்பாட்டை வரிசையாக ஒப்பித்துவிட்டு, இடையில் 7 × 8 எவ்வளவு என்று கேட்டால் மட்டும் திகைத்து 54 என்கிறாள் எனச் சென்ற மாதம் இங்கே எழுதியிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

நாள்காட்டியில் ஒரே கிழமையில் வரும் 7, 14, 21, 28 ஆகிய தேதிகளைக் காட்டும் யோசனையை முதலில் முயன்றோம். அவள் விரும்பினாள் என்றாலும், மாதம் முடிந்ததும் அந்த உதவியும் முடிந்துவிட்டது. உண்மையில் பயன் தந்தது, 7ஐ 5 ஆகவும் 2 ஆகவும் பிரிக்கச் சொன்னவரின் வழிதான்: எட்டைந்து 40, எட்டிரண்டு 16, கூட்டினால் 56. இரண்டு வாரங்கள், நாளுக்குப் பத்து நிமிடம், வரிசை மாற்றியே கேட்டேன். வரிசையில் ஒப்பிக்க விடாததே பெரிய மாற்றம் என்று நினைக்கிறேன்.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. 7, 14, 21 என்று 70 வரை எழுதியபோது, ஒன்றாம் இடத்தில் 7, 4, 1, 8, 5, 2, 9, 6, 3, 0 என ஒவ்வோர் இலக்கமும் ஒருமுறை மட்டுமே வருவதையும், அதன்பின் 77, 84, 91 என அதே வரிசை திரும்புவதையும் அவளே கண்டுபிடித்தாள். இப்போது எட்டாம் வாய்ப்பாட்டில் ஏன் அப்படி வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.