மறுமொழி: மடக்கு இல்லாமல் மதிப்பிருத்தல் – ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

நேற்றிலிருந்து வந்த மடல்களில் கேள்வியே தொலைந்துபோனதால் மறுபடி வைக்கிறேன். வியாழக்கிழமை திருமங்கலத்தில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஜாவாஸ்கிரிப்ட் வகுப்பு, பாடக்குறிப்பு நாளை சாயங்காலம் ஜெராக்ஸுக்குப் போக வேண்டும். விஷயம் இதுதான்:

பூ = {};
[பூ.பெயர், பூ.எடை, பூ.விலை] = ["மல்லி", 2, 900];

மடக்கு (ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்) எதுவும் எழுதாமல், அணியில் (வரிசையாக அடுக்கிய மதிப்புகள், அர்ரே) இருக்கும் மதிப்புகள் வரிசைப்படி பொருளின் (ஆப்ஜெக்ட்) பண்புகளில் (பிராப்பர்ட்டி) போய் உட்கார்ந்துவிடும். ஜாவாஸ்கிரிப்டின் தரவரையறையான எக்மாஸ்கிரிப்டின் 2015 பதிப்பில் வந்த வசதி, டீஸ்ட்ரக்சரிங் என்கிறார்கள். இப்படி மதிப்பை இருத்துவதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்பதுதான் கேள்வி.

> கட்டமைப்புக் குலைத்தல் என்று வைக்கலாமே?

வேண்டாம் தம்பி. இங்கே எதுவும் குலையவில்லை, வலப்பக்க அணி முழுசாக அப்படியே இருக்கிறது. குலைத்தல் என்று படிக்கிற பிள்ளை அணி அழிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும்.

> கல்யாணப் பந்தி மாதிரிதானே? "பந்தியிடல்" போதும்.

உசிலம்பட்டிப் பக்கம் பந்தி தெரியாத பிள்ளை கிடையாது, அதனால் 'பங்க்தி'யிலிருந்து வந்த வடசொல் என்று நம் குழுவின் மேலூர் ஐயா தள்ளியதை நான் ஏற்கவில்லை. ஆனால் பந்தியில் எல்லா இலைக்கும் எல்லாப் பதார்த்தமும் விழும். இங்கே முதல் இலைக்கு முதல் பதார்த்தம் மட்டும், இரண்டாவதற்கு இரண்டாவது மட்டும். உவமை அந்த இடத்தில் உடைகிறது.

நான் சொல்வது நிரல்நிறை. "அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது" – 45ஆம் குறள். அன்புக்குப் பண்பு, அறனுக்குப் பயன், வரிசை மாறாமல் ஒன்றுக்கு ஒன்று. மேலே இருக்கும் வரி செய்வதும் அச்சு அசல் இதையேதான். நன்னூல் என்ற இலக்கண நூல் சொல்லும் எட்டுப் பொருள்கோளில் (செய்யுளில் சொற்களைப் பொருத்திப் பொருள் கொள்ளும் முறை) ஒன்று, பள்ளியிலேயே படித்தது, புதிதாக மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. 410ஆம் குறளில் "விலங்கொடு மக்கள் அனையர்" என்று தொடங்கி "கற்றாரோடு ஏனையவர்" என்று வரும். நேராகப் பொருத்தினால் கற்றவர் விலங்காகிவிடுவார், அதனால் மாற்றிப் பொருத்துகிறோம், எதிர்நிரல்நிறை. பொருளைப் பார்த்து மாற்றிக்கொள்ள நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. எடையையும் விலையையும் இடம் மாற்றி எழுதினால் 900 கிலோ மல்லி 2 ரூபாய் என்று வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளும், பிழைச் செய்தி வராது. மதிப்பு குறைந்தால் கடைசிப் பண்பு வரையறுக்காமல் கிடக்கும், கூடினால் மிச்சம் விடுபடும். வகுப்பில் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான், அதைச் சொல்லித்தர 410 கையில் இருக்கும். (அப்புறம், முந்தின வரியின் முடிவில் அரைப்புள்ளியை விட்டால் அடுத்த வரியின் சதுர அடைப்பு அதோடு ஒட்டிக்கொள்ளும். குறிப்பில் தனியாகவே போட்டிருக்கிறேன்.)

> பெயரைப் பார்த்து எடுக்கும் வடிவம் இருக்கிறதே, அங்கே வரிசை ஏது?

நியாயமான கேள்வி. பொருளிலிருந்து பண்பின் பெயரைச் சொல்லி எடுக்கும்போது வரிசைக்கு வேலையில்லை, நிரல்நிறை அங்கே பொருந்தாது. அதற்கு நீங்கள் சொன்ன 'பிரித்தெடுத்தல்' இருக்கட்டும். ஆங்கிலத்தில் ஒரே சொல், தமிழில் இரண்டு. அதனால் தெளிவுதான் கூடுகிறது.

செய்யுள் இலக்கணத்தில் மடக்கும் ஒரு அணி, நிரல்நிறையும் ஒரு அணி, கணினியில் அணி என்றால் அர்ரே, கணக்குப் புத்தகத்தில் மேட்ரிக்ஸ் என்று ஐயா மூன்று மடல் எழுதியதை ரசித்துப் படித்தேன். அதைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம்.

கேட்டவரையில் நான்கு பேர் சரி என்றிருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் "எதையாவது போடுங்கள்" என்றவர்கள். "நிரல்நிறை மதிப்பிருத்தல்" என்று அச்சுக்குக் கொடுக்கிறேன், பக்கத்திலேயே டீஸ்ட்ரக்சரிங் என்றும் இருக்கும். மேலூர் ஐயா இன்னும் ஒப்பவில்லை. நிரல் என்றாலே பிள்ளைகள் புரோகிராம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், 'புரோகிராமை நிறைத்தல்' என்று ஆகிவிடும் என்கிறார். அதற்கு என்னிடம் இப்போது பதில் இல்லை. வியாழக்கிழமை வகுப்பில் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.